எது முன்னதோ, அதுவரை

காசு கொடுத்து வாங்கி, பீரோவில் பத்திரமாக வைத்து, கடைசிவரை வாசிக்காமலே விட்டுவிடும் எழுத்து ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது: வாரண்டி அட்டை. ரேஷன் கார்டுக்கும் எல்ஐசி பத்திரத்துக்கும் நடுவில், பில்லோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும். பஜ்ஜி மடித்துத் தந்த காகிதத்தைக்கூட விடாமல் வாசிக்கிறவர்கள் நாம். இதை மட்டும் விட்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரை அதை வாசித்துப் பார்க்கும் முயற்சி. குறிப்பாக, ஆல்-இன்-ஒன் பிரிண்டரோடு வரும் வாரண்டியையும், அதன்மேல் கூடுதல் காசுக்கு விற்கப்படும் எக்ஸ்டென்டட் வாரண்டியையும்.

தமிழ்நாட்டில் வாரண்டிக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று அச்சுப் பிரதி. ஆங்கிலத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய பொடி எழுத்தில் இருக்கும். மற்றது வாய்மொழிப் பிரதி. அது தமிழில், கடைப்பையன் வாயிலிருந்து வரும்: "எல்லாமே கவர் ஆயிடும் சார்." அச்சுப் பிரதி நான்கு பக்கம், வாய்மொழிப் பிரதி நான்கு சொல். நாம் காசு கொடுப்பது நான்கு சொல்லை நம்பி. தகராறு என்று வரும்போது செல்லுபடியாவது நான்கு பக்கம். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினால் பேஸ்புக்கில் ஒரு வாரம் சண்டை போடுகிறோம். தினமும் ஆயிரக்கணக்கான கடைகளில் நடக்கும் இந்த மொழிபெயர்ப்பை யாரும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

*

எங்கள் வீட்டில் பிரிண்டர் பேச்சு எழுந்ததால்தான் நானும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்பா நெய்வேலியில், சுரங்கப் பணிமனையில் இருக்கிறார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். டவுன்ஷிப் வாழ்க்கை பாதி காகிதத்தில் ஓடுவது. தங்கையின் போட்டித் தேர்வு விண்ணப்பங்கள், ஹால் டிக்கெட், அம்மாவின் மருத்துவ பில்லுக்கு நகல், ஓய்வு நெருங்க நெருங்கப் பெருகும் படிவங்கள். ஒவ்வொன்றுக்கும் வண்டி எடுத்துக்கொண்டு மெயின் பஜார் போய், ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகி, பிரிண்ட்டோடு வைரஸையும் வாங்கிக்கொண்டு வர வேண்டும். "ஒரு மிஷினு வீட்லயே இருந்தா நல்லதுதானேப்பா" என்றார் அம்மா.

கடையில் காட்டிய ஆல்-இன்-ஒன் ஏறக்குறைய 15,000 ரூபாய். பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் செய்யும். கம்பெனி வாரண்டி ஒரு வருடம். மேலே 2,000 கட்டினால் இன்னும் இரண்டு வருடம். அப்பா விலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "ரெண்டு வருஷத்துல நான் குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். வாரண்டி மூணு வருஷம்ங்கிறீங்க. மிஷினு ரிப்பேரானா எந்த வீட்டுக்கு வந்து பாப்பீங்க?" என்றார்.

கடைப்பையன் சற்றும் தயங்கவில்லை. "வீட்டுக்கெல்லாம் வரமாட்டாங்க சார். நீங்கதான் கடலூருக்கு எடுத்துட்டுப் போவணும்."

கடலூர் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அது அச்சுப் பிரதியில் இருந்தது. வாய்மொழிப் பிரதியில் அதுவரை இல்லை.

அப்பாவின் கேள்வியில் நெய்வேலி முழுக்க இருக்கிறது. டவுன்ஷிப்பில் யாருக்கும் வீடு சொந்தமில்லை. வட்டம் எண், குவார்ட்டர்ஸ் எண், வாசலில் நாமே நட்ட மாமரம் எல்லாம் வேலை இருக்கும்வரைதான். மரம் காய்க்கும்போது வேறொரு குடும்பம் குடியிருக்கும். அங்கே வளர்ந்தவர்களுக்குக் காலாவதித் தேதி புதிதல்ல. அதனால் வாரண்டியைப் பார்த்ததும் முதலில் தேதியைத்தான் கணக்குப் போடுவார்கள்.

*

இப்போது அச்சுப் பிரதிக்கு வருவோம்.

இந்த வகை எழுத்தின் உயிர்நாடியான தொடர், "எது முன்னதோ, அதுவரை." ஒரு வருடம் அல்லது இத்தனை ஆயிரம் பக்கம், இரண்டில் எது முன்னதோ அதுவரை. காலத்தையும் உழைப்பையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப்போட்டு, எது சீக்கிரம் தீர்கிறதோ அதைக் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. நிறைய அச்சடிப்பவர் பக்கக் கணக்கில் வெளியேறுவார். குறைவாக அச்சடிப்பவர் நாள் கணக்கில் வெளியேறுவார். "எது பின்னதோ, அதுவரை" என்று எழுதிய வாரண்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்தது விலக்குகளின் பட்டியல். மை, ஹெட் அடைப்பு, இயல்பான தேய்மானம், மின்னழுத்த ஏற்ற இறக்கம், தூசி, ஈரப்பதம், பூச்சி, இயற்கைச் சீற்றம், கம்பெனி மை அல்லாத மை, அங்கீகாரம் பெறாத ஒருவர் திறந்தது. இதை நெய்வேலியில் உட்கார்ந்து வாசித்தால் சிரிப்பு வரும். திறந்தவெளிச் சுரங்கமும் அனல் மின் நிலையங்களும் சூழ்ந்த ஊரில் தூசி என்பது விபத்தா, பருவநிலையா? இயற்கைச் சீற்றமும் அங்கே வெறும் சட்டச் சொல் கிடையாது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட தானே புயல், டவுன்ஷிப்பின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. பட்டியலை முடித்துவிட்டு, சுத்தமான குளிரூட்டிய அறையில், சீரான மின்சாரத்தில், கம்பெனி மையில், அளவாக அச்சடிக்கும் ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொள்ளலாம். வாரண்டி அவருக்காக எழுதப்பட்டது. அவருடைய பிரிண்டர் பெரும்பாலும் பழுதாகாது.

இலக்கணத்தையும் கவனிக்க வேண்டும். வாங்கியவர் செய்ய வேண்டியவற்றில் எழுவாய் பளிச்சென்று இருக்கிறது: வாடிக்கையாளர் பில்லைக் காட்ட வேண்டும், வாடிக்கையாளர் சொந்தச் செலவில் கொண்டுவர வேண்டும், வாடிக்கையாளர் அசல் பெட்டியை வைத்திருக்க வேண்டும். கம்பெனியின் முறை வந்ததும் எழுவாய் காணாமல் போய், செயப்பாட்டுவினை வந்துவிடுகிறது: பழுது நீக்கப்படும், அல்லது பாகம் மாற்றித்தரப்படும், பழுதின் தன்மை தீர்மானிக்கப்படும். யார் நீக்குவார், எத்தனை நாளில், எங்கே உட்கார்ந்து தீர்மானிப்பார் என்ற கேள்விகளுக்கு வாக்கியத்தில் இடமில்லை. புனைவில் நம்பகமற்ற கதைசொல்லி என்று ஒரு பாத்திரத்தைப் பற்றிப் பேசுவோம். வாரண்டியில் அந்தப் பாத்திரம் கடைப்பையன். அட்டை நம்பகமானது. தான் செய்யப்போவதை, செய்யாமல் விடப்போவதை, துல்லியமாகச் சொல்லியிருக்கிறது. நாம்தான் கேட்கவில்லை.

*

கணக்கையும் பார்த்துவிடலாம். எண்கள் எங்களுக்குச் சொல்லப்பட்டவையும் நான் அனுமானித்தவையும். உங்களுக்கு மாறும், முறை மாறாது. கூடுதல் வாரண்டி 2,000 ரூபாய். அந்த இரண்டு வருடத்தில் பெரிய பழுது ஒன்று வந்தால் வெளியில் சரிசெய்ய 4,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 2,000-ஐ 4,000-ஆல் வகுத்தால் பாதி. ஆக, வாரண்டி ஏற்றுக்கொள்ளும் வகையிலான பழுது அந்த இரண்டு வருடத்துக்குள் வருவதற்கு 50 சதவீத வாய்ப்பாவது இருந்தால்தான் கொடுத்த காசு சரியாகும். இரண்டில் ஒன்று பழுதாகும் மிஷினை எதற்கு வாங்க வேண்டும்? வாரண்டி லாபம் என்றால் பிரிண்டர் நஷ்டம். பிரிண்டர் நல்லதென்றால் வாரண்டி வீண். "மிஷினு சூப்பர் சார், பிரச்சினையே வராது" என்பதையும் "எதுக்கும் வாரண்டி போட்டுக்கோங்க சார்" என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடிகிறது என்பது விற்பனைக் கலையின் சாதனை.

நம்பகத்தன்மைப் பொறியியலில் தொட்டி வளைவு என்று ஒரு படம் போடுவார்கள். மிஷின்கள் ஆரம்பத்தில் கொஞ்சம் அதிகமாகப் பழுதாகும். அது தயாரிப்புக் கோளாறு. பிறகு நீண்ட காலம் சாதுவாக ஓடும். கடைசியில் தேய்மானத்தால் மீண்டும் பழுது கூடும். வளைவு குளிக்கும் தொட்டியைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி இருக்கும். கம்பெனி இலவசமாகத் தரும் முதல் வருடம் தொட்டியின் முதல் சுவரைப் பார்த்துக்கொள்கிறது. நாம் காசு கட்டும் இரண்டாம், மூன்றாம் வருடங்கள் பெரும்பாலும் தொட்டியின் தட்டையான அடிப்பாகத்தில் விழுகின்றன. இரண்டாவது சுவர் எழும்பும் நேரத்தில் அட்டை காலாவதியாகியிருக்கும்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு பெற்றவர். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், மட்டமான பொருள் நல்ல பொருளை விரட்டிவிடும் என்பது அதன் சாரம். அந்தச் சிக்கலைச் சமாளிக்க உருவான ஏற்பாடுகளில் ஒன்றாக அவர் உத்தரவாதத்தைச் சொல்கிறார். தயாரித்தவரே இலவசமாக நீண்ட வாரண்டி தந்தால், தன் பொருள்மேல் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். அது ஒரு தகவல். எக்ஸ்டென்டட் வாரண்டியில் இந்தத் தகவல் இல்லை. அங்கே நம்பிக்கைக்கான காசை நாமே கட்டுகிறோம். ஆகவே இரண்டு பிராண்டுகளை ஒப்பிடும்போது பார்க்க வேண்டியது, விலையோடு சேர்ந்து வரும் வாரண்டியின் நீளத்தை.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். காப்பீடு முட்டாள்தனமான ஏற்பாடு இல்லை. நம்மை வீழ்த்திவிடக்கூடிய இழப்புக்குக் காப்பீடு வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு அப்படி. பிரிண்டர் பழுது எங்கள் குடும்பத்துக்கு அப்படி இல்லை. அதே மிஷின் மெயின் பஜார் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு முதலீடு. விண்ணப்பம் போடக் கடைசித் தேதி அன்று அது நின்றால், நிற்பது அவருடைய அன்றைய வருமானம். அவர் காசு கட்டினால் நியாயம். ஆனால் அவர் போன்றவர்கள் வாங்குவது பெரும்பாலும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். ஆள் வந்து பார்ப்பார், துடைப்பார், தேய்ந்த உருளையை மாற்றுவார். மிஷினை வைத்துப் பிழைப்பவர்கள் வாக்குறுதியைவிட வருகையை வாங்குகிறார்கள்.

*

ஏன் பிரிண்டருக்கு மட்டும் இவ்வளவு பயம்? மிக்ஸிக்கு யாரும் இப்படி யோசிப்பதில்லை. மிக்ஸி நின்றால் தெருமுனையில் ஒருவர் காயில் கட்டித் தருவார். பிரிண்டரைத் தெருமுனையில் திறக்க முடியாதபடி செய்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1977-ல் ஜப்பானில் கேனன் ஆய்வகத்தில், மை நிரம்பிய ஊசியின் மேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டு, மை தெறித்தது. சூட்டில் குமிழ் உருவாக்கி மையைத் துப்பவைக்கும் பபுள்ஜெட் முறை அதிலிருந்து பிறந்தது. எப்சன் வேறு வழியில் போனது. மின்னழுத்தத்தில் வடிவம் மாறும் பீசோ படிகத்தால் மையைத் தள்ளுவது அதன் முறை. முதல் வகையில் பல மாடல்களில் ஹெட்டும் மையும் ஒரே கார்ட்ரிட்ஜ். மை தீர்ந்தால் ஹெட்டையும் சேர்த்துத் தூக்கிப் போடலாம். இரண்டாவது வகையில் ஹெட் மிஷினின் நிரந்தர உறுப்பு, அதிக விலையுள்ள உறுப்பும் அதுதான். வாங்கும்போது பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் வேகத்தைவிட, ஹெட் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஏனென்றால் இங்க்ஜெட் பிரிண்டர் உழைத்துக் கெடுவதைவிடச் சும்மா இருந்து கெடுவது அதிகம். மை காய்ந்து ஹெட் அடைத்துக்கொள்ளும். அடைப்பு நீக்க அது தன் மையையே துப்பி, உள்ளே இருக்கும் ஒரு பஞ்சில் ஊற்றிக்கொள்ளும். பஞ்சு நிறைந்துவிட்டது என்று உள்ளே இருக்கும் எண்ணி சொல்லிவிட்டால், நல்ல நிலையில் உள்ள பிரிண்டர்கூட நின்றுவிடும்.

மிஷினை மலிவாக விற்று மையில் சம்பாதிப்பது பல வருடங்கள் ஓடிய வியாபாரம். நம் ஊர் ஆட்கள் அதற்கு சிரிஞ்சால் பதில் சொன்னார்கள். கார்ட்ரிட்ஜில் ஓட்டை போட்டு மை ஏற்றும் கடைகள் சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, சிற்றூர்களிலும் வந்தன. இந்தோனேசியாவில் இன்னும் ஒருபடி மேலே போய், வெளியே மைப் புட்டிகளை மாட்டி, குழாய் வழியாக ஹெட்டுக்கு மை கொண்டுபோனார்கள். வாரண்டி மொழியில் இதெல்லாம் அத்துமீறல். 2010-ல் எப்சன் அதே யோசனையைத் தொழிற்சாலையிலேயே செய்து, மைத்தொட்டி வைத்த பிரிண்டரை முதலில் இந்தோனேசியாவில்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. இன்று "சிக்கனமானது" என்று நம் கடைகளில் முன்வரிசையில் நிற்கும் டாங்க் பிரிண்டரின் முன்னோர், யாரோ அங்கீகாரம் பெறாதவர்கள் திறந்து, ஓட்டை போட்ட மிஷின்கள்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. 2016 செப்டம்பரில், நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த சில ஹெச்பி பிரிண்டர்கள் மற்ற கம்பெனி கார்ட்ரிட்ஜை ஏற்க மறுத்தன. முன்பே அனுப்பி வைத்திருந்த மென்பொருள் அப்டேட் குறித்த நாளில் விழித்துக்கொண்டது. எதிர்ப்பு கிளம்ப, கம்பெனி அந்தத் தடையை நீக்கும் மென்பொருளைத் தர வேண்டியதாயிற்று. 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் இதுபோன்ற தடைகளை வாடிக்கையாளரிடம் சரியாகச் சொல்லவில்லை என்று அதே கம்பெனிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. லெக்ஸ்மார்க் கம்பெனி தன் கார்ட்ரிட்ஜை யாரும் நிரப்பி விற்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 2017 மே மாதம் தோற்றது. விற்றுவிட்ட பொருள்மேல் காப்புரிமையை வைத்துக்கொண்டு அதிகாரம் செலுத்த முடியாது என்றது தீர்ப்பு.

ஆல்-இன்-ஒன் என்ற வடிவத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். மென்பொருள் எழுதும்போது எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று, ஒரு பகுதி விழுந்தால் மற்றது விழாதபடி பிரித்து வை என்பது. ஆல்-இன்-ஒன் பல நேரம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஸ்கேன் செய்ய மை எதற்கு? கண்ணாடியும் விளக்கும் சென்சாரும் போதும். ஆனால் மை தீர்ந்தால் ஸ்கேனும் செய்யாது என்று 2021-ல் அமெரிக்காவில் கேனன் மீது வழக்கே தொடுக்கப்பட்டது. மூன்று வேலையை ஒரு பெட்டியில் வைப்பது இடத்துக்கு வசதி. மூன்றையும் ஒரே பூட்டில் பூட்டுவது யாருக்கு வசதி?

இந்தக் கேள்வியை ஒரு பிரிண்டரின் முன்னால் நின்று முதலில் கேட்டவரை மென்பொருள்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரை அன்பளிப்பாகத் தந்தது. அடிக்கடி காகிதம் சிக்கும். பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எல்லோருடைய திரைக்கும் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதில் அது முடியவில்லை. மூல நிரலைத் தரவில்லை. நிரல் வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரில் போய்க் கேட்டும், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று மறுத்துவிட்டார். 1983-ல் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் உள்ள கசப்புகளில் இந்தப் பிரிண்டரும் ஒன்று. இன்று நம் போனிலும் சர்வர்களிலும் ஓடும் கட்டற்ற மென்பொருளின் தோற்றக் கதைகளில் ஒன்று, சிக்கிக்கொண்ட ஒரு காகிதத்தில் தொடங்குகிறது.

அவர் 1989-ல் வெளியிட்ட குனு பொது உரிமத்தை இந்த வாரண்டி அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உரிமத்தின் இறுதிப் பகுதி பெரிய எழுத்துகளில் கத்துகிறது: இந்த மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது, உள்ளது உள்ளபடி தருகிறோம். ஆனால் அதற்கு முன்னால் உள்ள பக்கங்கள் முழுக்க, திறந்து பார், மாற்று, அடுத்தவருக்குக் கொடு என்ற அனுமதி. பிரிண்டர் அட்டை தலைகீழ். எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் என்று ஆரம்பித்து, திறந்தால் எல்லாம் ரத்து என்று முடிகிறது. ஒன்று வாக்குறுதி தராமல் உரிமை தருகிறது. மற்றது உரிமையை எடுத்துக்கொண்டு வாக்குறுதி தருகிறது. அந்த வாக்குறுதியும் தீர்ந்தபின் அதை நீட்டிக்கக் காசு கேட்கிறது. எக்ஸ்டென்டட் வாரண்டியை வெறும் நஷ்டக் கணக்காக மட்டும் நான் பார்க்காததற்குக் காரணம் இது. முதலில் நம்மிடமிருந்து எடுக்கப்பட்ட ஒன்றின் வாடகை அது.

*

திறந்து பார்ப்பதன் அர்த்தம் நெய்வேலிக்குத் தெரியும். அந்த ஊரே திறந்து பார்த்ததில் உருவானது. 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1956-ல் நிறுவனம், 1957 மே மாதம் நேரு தொடங்கி வைத்த சுரங்கம், 1962-ல் சோவியத் உதவியோடு முதல் மின் அலகு. 50 மெகாவாட்டில் ஆறு அலகு, 100 மெகாவாட்டில் மூன்று என்று 1970-ல் முதலாம் அனல் மின் நிலையம் 600 மெகாவாட் ஆனது. மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை.

அந்த மின் நிலையம் வயதானபோது தொண்ணூறுகளில் ஆயுள் நீட்டிப்புத் திட்டம் ஒன்றைச் செய்தார்கள். பாகம் பாகமாகப் பிரித்து, மாற்றி, சோதித்து, மேலும் 15 வருடம் ஓடும் என்று கணித்தார்கள். அதையும் தாண்டி ஓடி, 2020 செப்டம்பர் 30 அன்று நிலையம் நிறுத்தப்பட்டது. எக்ஸ்டென்ஷன் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் அர்த்தம் அதுதான்: யாரோ ஷிப்டுக்குப் போய், கிரீஸ் பூசிக்கொண்டு, எதையோ கழற்றி மாட்டினார்கள். கடையில் அதே சொல்லுக்கு அர்த்தம் பில்லில் கூடும் ஒரு வரி. மிஷினுக்கு எதுவும் நடப்பதில்லை. அதன் ஆயுள் ஒரு நாளும் கூடுவதில்லை. நீள்வது காகிதத்தின் ஆயுள்.

உத்தரவாதம், பராமரிப்பு என்ற இரண்டு சொற்களின் தூரம் இங்கே இருக்கிறது. முதலாவது கெட்டபின் பேசும். இரண்டாவது கெடுவதற்கு முன்னால் வந்து நிற்கும். முதலாவதை விற்பது எளிது. இரண்டாவதற்குத் தெரிந்த ஆள் வேண்டும், உதிரிபாகம் வேண்டும், திறக்க அனுமதி வேண்டும்.

பழைய மிஷின்களைப் பற்றி ஏக்கமாகப் பேசுவதில் ஒரு ஆபத்து உண்டு, அதையும் அதே ஊர் சொல்லித்தருகிறது. முதல் நிலையம் ஓய்வுபெற்ற அதே 2020-ல், மே மாதத்திலும் ஜூலை முதல் தேதியிலும் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். அந்த இறப்புகளைப் பிரிண்டரோடு ஒப்பிட நான் சொல்லவில்லை. மிஷின் நீண்ட காலம் ஓடுவதே பெருமை என்று நினைக்கும்போது, அதை யார் உடலைக் கொடுத்து ஓட்டுகிறார்கள் என்பது மறந்துபோகும் என்பதற்காகச் சொல்கிறேன். பராமரிப்பு என்ற சொல்லை அழகானதாக்கிவிட்டு, பராமரிப்பவரை ஒப்பந்தக் கூலியாக வைத்திருக்கும் சமூகம் நாம். ரிச்சி தெருவிலும் மெயின் பஜாரிலும் பிரிண்டர் திறக்கத் தெரிந்தவர்களை "அங்கீகாரம் பெறாதவர்" என்று ஒரு அட்டை சொல்லும்போது, அதே மனநிலைதான் சட்ட மொழியில் பேசுகிறது.

*

சரி, வாங்குவதா வேண்டாமா?

முதலில் பக்கத்தை எண்ண வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கு மாதம் 40 பக்கம்கூட வரவில்லை, கிட்டத்தட்ட எல்லாம் கறுப்பு வெள்ளை. பத்து நாள் தொடாமலும் இருப்பார்கள். மைத்தொட்டி பிரிண்டரின் ஒரு கறுப்புப் புட்டிக்குக் கம்பெனிகள் சொல்வது ஆயிரக்கணக்கான பக்கம். மாதம் முந்நூறு நானூறு பக்கம் ஓட்டுபவருக்கு அதைவிடச் சிக்கனம் கிடையாது. எங்களுக்கு அது, மை காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் திட்டம். டோனர் காய்ந்த பொடி, மறுபடி காய வழியில்லை. அதனால் கலர் ஆசையை ஜெராக்ஸ் கடைக்கே விட்டுவிட்டு, ஸ்கேனரும் சேர்ந்த கறுப்பு வெள்ளை லேசர் ஒன்றை எடுத்தோம். எக்ஸ்டென்டட் வாரண்டி எடுக்கவில்லை. அந்த 2,000 அம்மாவின் தபால் ஆபீஸ் கணக்கில் தனியாக இருக்கிறது. மிஷின் கெட்டால் எடுப்போம். கெடாவிட்டால் டோனர் வாங்குவோம். அந்தக் கணக்குக்கு விலக்குப் பட்டியல் கிடையாது, வீடு மாறினாலும் கூடவே வரும்.

யாரும் விற்காத ஒரு வாரண்டியும் நம்மிடம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. குறைபாடுள்ள பொருளுக்கும் சேவைக்கும், வாங்கிய கடை எங்கிருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். நெய்வேலிக்காரருக்குக் கடலூர் மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். வாய்மொழிப் பிரதியைக் கடைக்காரரிடம் வாட்ஸப்பில் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால், அதுவும் ஒரு ஆவணம் ஆகிவிடும். "எல்லாமே கவர் ஆயிடும்" என்பதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். அந்த நான்கு சொல் எவ்வளவு வேகமாக நான்கு பக்கமாக நீள்கிறது என்று தெரியும்.

மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசல் திறந்தது. கம்பெனிகள் சேவை விவரங்களையும் உதிரிபாக விவரங்களையும் அங்கே பகிர வேண்டும் என்பது நோக்கம். அது சட்டமாக இறுகும்வரை வாங்குபவரின் கையில் இருப்பது கேள்விகள் மட்டுமே. கடையில் நின்று மூன்று கேட்கலாம். ஹெட்டையோ டிரம்மையோ தனியாக மாற்ற முடியுமா? உதிரிபாகத்தை எங்கள் ஊர் மெக்கானிக்குக்கும் விற்பார்களா? மை தீர்ந்தாலும் ஸ்கேன் ஓடுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அந்த மிஷினுக்கு எக்ஸ்டென்டட் வாரண்டி தேவைப்படாது. மூன்றுக்கும் இல்லை என்றால், எத்தனை வருடம் நீட்டித்தாலும் போதாது.